சேணம் குதிரைக்குப் பொருந்துகிறதா? கொழும்புச் சவாரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் சவாரி பழகும் பிள்ளைகளின் பெற்றோரும், முதல் குதிரையை வாங்கியவர்களும் என்னிடம் கேட்பவற்றில் பாதிக்கு மேல் சேணத்தைப் பற்றிய கேள்விகள்தான். எந்த நிறம், எந்தக் கம்பனி, எத்தனை அங்குலம் என்று தொடங்குவார்கள். குதிரையின் முதுகு என்ன வடிவம் என்று யாரும் தொடங்குவதில்லை. இங்கிலாந்தில் சேணம் பொருத்துவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் லாயத்துக்கு நேரில் வந்து பார்த்துச் சரிசெய்து கொடுப்பார்கள். இங்கே அப்படி ஒருவருக்காகக் காத்திருந்தால் அதற்குள் குதிரையின் முதுகு பழுதாகிவிடும். அதனால் பார்க்கவேண்டியதை நாமே பார்க்கப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். அது பெரிய வித்தையும் இல்லை.

சேணம் முதலில் யாருக்குப் பொருந்தவேண்டும், எனக்கா குதிரைக்கா?

குதிரைக்கு. இதில் பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்குக் கொஞ்சம் பெரிதான சேணத்தில் உங்களால் சமாளிக்க முடியும். தனக்குப் பொருந்தாத சேணத்தைக் குதிரையால் கழற்றி வைக்க முடியாது, வாய் திறந்து சொல்லவும் முடியாது.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வெளிநாடு போகும் ஒருவரிடமிருந்து பாவித்த டிரெசாஜ் சேணம் ஒன்றை வாங்கினேன். டிரெசாஜ் என்பது களத்துக்குள் குதிரையை நுணுக்கமான அசைவுகளுக்குப் பழக்கும் சவாரி. பதினேழரை அங்குலம், நல்ல தோல், நான் ஏறி உட்கார்ந்தால் எனக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. மல்லிகா என்ற என் பெட்டைக்குதிரை இரண்டாம் கிழமையே வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னால் மடித்தாள். பிறகு இடப்பக்கம் பாய்ச்சலுக்கு எடுக்க மறுத்தாள். பிடிவாதம் என்று நினைத்துக் காலால் இன்னும் அழுத்தினேன். மூன்று மாதம் கழித்து அவளுடைய தோள்மேட்டின், அதாவது கழுத்து முடியும் இடத்தில் முதுகு உயர்ந்திருக்கும் மேட்டின், இரு பக்கமும் உள்ளங்கையளவு இடத்தில் வெள்ளை முடி முளைத்தது. அந்த முடி இன்றுவரை நிறம் மாறவில்லை. தோலின் கீழ் நசுங்கியதன் அடையாளம் அது. அவள் அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

சேணத்துக்குள் என்ன இருக்கிறது? எந்தப் பகுதி முதுகைப் பாதிக்கும்?

தோலுக்குள்ளே ஒரு சட்டம் இருக்கிறது. அதை ட்ரீ என்பார்கள். மரத்திலோ செயற்கைப் பொருளிலோ செய்திருப்பார்கள். சேணத்தின் எலும்புக்கூடு அதுதான். முன்பக்கம் வளைந்து நிற்பது பொமல், பின்பக்கம் எழும்பி நிற்பது கான்டில். அடியில் முதுகெலும்பின் இரு பக்கமும் படியும் இரண்டு மெத்தைகள் பனல்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடும். முதுகெலும்பு அந்த வாய்க்காலுக்குள் காற்றோட்டமாக இருக்கவேண்டும், எந்த இடத்திலும் எதுவும் அதைத் தொடக்கூடாது. பனல்களுக்குள் கம்பளியோ ஃபோமோ அடைத்திருப்பார்கள். கம்பளியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஃபோமை அப்படிச் செய்ய முடியாது. சட்டத்தின் வடிவம் பிழையென்றால் எதை அடைத்தும் சரிவராது.

வீட்டு ஆட்களே முதுகை அளந்துவிடலாமா? என்ன சாமான் வேண்டும்?

வரைபடம் வரைபவர்கள் பாவிக்கும் வளையும் அடிமட்டம் ஒன்று, பெரிய கடதாசி அட்டை, வெண்கட்டி, ஒரு கத்தரிக்கோல். அடிமட்டம் கிடைக்காவிட்டால் வளைத்த வடிவில் நிற்கக்கூடிய தடித்த கம்பி ஒன்றும் போதும்.

குதிரையைச் சமதரையில் நான்கு காலும் நேராக நிற்கும்படி நிறுத்துங்கள். தலை இயல்பான உயரத்தில் இருக்கட்டும். புல் தின்னக் குனிந்தால் முதுகின் வடிவமே மாறிவிடும். முதலில் தோள்பட்டை எலும்பின் பின் ஓரத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து வெண்கட்டியால் கோடு போடுங்கள். பிறகு விலாவின் கடைசி எலும்பைத் தேடுங்கள். குதிரைக்குப் பதினெட்டுச் சோடி விலா எலும்புகள். கடைசியானதை வயிற்றுப் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டே போனால் முதுகெலும்பில் சேரும் இடம் தெரியும். அங்கே இன்னொரு கோடு. சேணத்தின் பாரம் முழுவதும் இந்த இரண்டு கோடுகளுக்குள் அடங்கவேண்டும். கடைசி விலாவுக்குப் பின்னால் இருப்பது இடுப்பு முதுகு. அதற்குக் கீழே தாங்க விலா இல்லை.

தோள்பட்டைக்கு இரண்டு விரல் பின்னால் அடிமட்டத்தைக் குறுக்காக வைத்து அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரையுங்கள். முதுகின் தாழ்ந்த இடத்தில் ஒன்று, கடைசி விலாவில் ஒன்று, முதுகின் நீளவாக்கில் இன்னொன்று. திகதியைக் கட்டாயம் எழுதி வையுங்கள். முதல் வளைவை வெட்டி எடுத்து, வாங்கப்போகும் சேணத்தின் முன்வளைவுக்குள் வைத்துப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் இந்த நான்கு வரைபடங்களையும், பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படத்தையும் விற்பவருக்கு அனுப்பினால் பாதிப் பிழையைத் தவிர்க்கலாம்.

சேணத்தை முதுகில் வைத்துப் பார்க்கும்போது எதையெதைக் கவனிப்பது?

பொறுமையாகப் பார்க்கவேண்டிய இடம் இதுதான். முதலில் சேணத்துணி இல்லாமல், வெறும் முதுகில் வையுங்கள். தோள்மேட்டில் சற்று முன்னால் வைத்து மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். தானாகவே ஒரு இடத்தில் அமர்ந்து நின்றுவிடும். அதுதான் அதன் இடம். கொழும்பில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை சேணத்தை அந்த இடத்துக்கு முன்னால் கட்டுவதால் வருகின்றன. முன்னங்கால் முன்னால் போகும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னால் சுழலும். சேணத்தின் சட்டம் அங்கே இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு அதில் இடிக்கும். குதிரை காலைக் குறுக்கி வைக்கும். நாம் அதைச் சோம்பேறிக் குதிரை என்போம்.

அடுத்தது தோள்மேட்டுக்கும் பொமலுக்கும் இடையிலான இடைவெளி. நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு மூன்று விரல் போகவேண்டும். மேலே மட்டும் பார்க்காதீர்கள், தோள்மேட்டின் பக்கங்களிலும் இடம் வேண்டும். பின்னால் நின்று வாய்க்காலுக்குள் பாருங்கள். மறுபக்கத்து வெளிச்சம் தெரியவேண்டும். வாய்க்காலின் அகலம் முன்னிருந்து பின்வரை மூன்று நான்கு விரலாவது இருப்பது நல்லது.

பிறகு சமநிலை. இருக்கையில் உருண்டையான பென்சில் ஒன்றைக் குறுக்காக விடுங்கள். அது நடுவில், தாழ்ந்த இடத்தில் போய் நிற்கவேண்டும். பொமல் பக்கம் ஓடினால் சேணம் அகலம் கூடி முன்னால் விழுந்திருக்கிறது. கான்டில் பக்கம் ஓடினால் முன்பக்கம் ஒடுங்கித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒடுங்கிய சேணம் கண்ணுக்கு உயரமாகவும் பாதுகாப்பாகவும் தெரியும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் இரண்டு முனைகளும் தோள்மேட்டின் கீழே இருக்கும் தசையைக் கிள்ளிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, உள்ளங்கையைப் பனலுக்கு அடியில் முன்னிருந்து பின்வரை நுழைத்துப் பாருங்கள். அழுத்தம் எங்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும். முன்னாலும் பின்னாலும் தொட்டு நடுவில் கை தாராளமாகப் போனால், சேணம் பாலம்போல் நிற்கிறது என்று அர்த்தம். முழுப்பாரமும் நான்கு இடத்தில் விழும். இதற்கு எதிர்மாறாக, பொமலையும் கான்டிலையும் மாறிமாறி அழுத்தும்போது சேணம் தொட்டில்போல் ஆடினால் பனலின் வளைவு முதுகைவிடக் கூடுதலாக இருக்கிறது. இரண்டுமே வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, வயிற்றுப் பட்டையை இறுக்கி, ஏறி, நடந்து, துள்ளுநடையில் போய், இறங்கி மறுபடி பாருங்கள். ஆள் ஏறாமல் பார்த்தது பாதிதான்.

வியர்வை அடையாளத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்கிறார்களே?

சொல்லலாம். ஆனால் நம் ஊரில் கவனமாகச் சொல்லவேண்டும். குளிர்நாட்டில் முக்கால் மணித்தியாலச் சவாரிக்குப் பிறகு தெரியும் அடையாளம், கொழும்புப் புழுக்கத்தில் கால் மணித்தியாலத்திலேயே முழு முதுகும் நனைந்து அழிந்துவிடும். அதிகாலையில், வெயில் ஏறுமுன், மெல்லிய வெள்ளைத்துணி ஒன்றைப் போட்டு இருபது நிமிடம் சவாரி செய்து கழற்றிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே வடிவில் ஈரமாக இருக்கவேண்டும். ஈரத்துக்கு நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அங்கே சேணம் தொடவே இல்லை. மற்றது, அங்கே அழுத்தம் கூடி வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யாமல் நின்றுவிட்டன. எது என்று அறிய விரலால் மெதுவாக அழுத்துங்கள். குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ, தோல் துடித்தாலோ இரண்டாவதுதான்.

கொஞ்சம் ஒடுக்கமான சேணத்துக்குத் தடித்த மெத்தை போட்டால் சரியாகிவிடாதா?

இல்லை, கூடுதலாகக் கெடும். கடிக்கிற சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கொஞ்சம் அகலமான சேணத்துக்கு, தசை வளர்ந்து வரும் குதிரையில், தற்காலிகமாக மெத்தை போடலாம். அப்போதும் துணியை வாய்க்காலுக்குள் நன்றாக இழுத்துத் தூக்கிவிடுங்கள். தோள்மேட்டின் மேல் இறுகிக் கிடக்கும் துணியே புண்ணாக்கப் போதும்.

டிரெசாஜுக்கும் வெளிவழிச் சவாரிக்கும் ஒரே சேணம் போதுமா?

அளவாகச் செய்கிறவர்களுக்குப் போதும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைக்குப் பிறந்தவை என்பது தெரிந்திருக்கவேண்டும்.

டிரெசாஜ் சேணத்தின் மடல், அதாவது காலுக்கும் குதிரைக்கும் நடுவே தொங்கும் பகுதி, நீளமாக, கிட்டத்தட்ட நேராகக் கீழே தொங்கும். கால் நீண்டு, காதும் தோளும் இடுப்பும் குதிகாலும் ஒரே கோட்டில் வர அது உதவும். இருக்கை ஆழமாக இருக்கும். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் டிரெசாஜ் விதியும் நேராகத் தொங்கும் நீண்ட மடலுள்ள இந்த வகையைத்தான் கேட்கிறது. 20 மீற்றர் அகலமும் 60 மீற்றர் நீளமுமான சமமான மணற்களத்துக்காகச் செய்தது அது. நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதையில் இறங்கும்போதோ, மரம் விழுந்த இடத்தைத் தாண்டும்போதோ, அங்கவடியைச் சுருக்கி முன்னால் எழும்பவேண்டி வரும். அப்போது முழங்கால் அந்த நேர்மடலின் ஓரத்தைத் தாண்டி வெளியே நிற்கும். பெரிய முழங்கால் தாங்கி இருந்தால் அது காலைத் தடுக்கும்.

வெளிவழிச் சேணத்துக்கு முதல் தேவை, பாரத்தைப் பரப்பும் அகலமான பனல். ஒரு மணித்தியாலத்தில் தெரியாத அழுத்தம் நான்கு மணித்தியாலத்தில் புண்ணாகிவிடும். தண்ணீர்ப் போத்தல், மழைச்சட்டை கட்ட வளையங்களும் வேண்டும். அமெரிக்க வெஸ்டர்ன் சேணம் பாரத்தை நன்றாகப் பரப்பும்தான், ஆனால் பல 15 கிலோவைத் தாண்டும். ஆளும் உடுப்பும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ. நம் ஊரின் சிறிய குதிரைகளில் சேணத்துக்கே 15 கிலோ கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மடல் சற்றே முன்னால் வளைந்த, இருக்கை அதிகம் ஆழமில்லாத, பொதுப்பாவனைச் சேணம் ஒன்றை நான் சொல்வேன். ஆரம்பநிலை டிரெசாஜை அதில் நன்றாகப் பழகலாம், போட்டிக்குப் போகுமுன் மட்டும் அந்தப் போட்டியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பாதைக்குப் போகிறவர்கள் சேணம் பின்னால் வழுக்காமல் மார்புப்பட்டையும், உருண்டை முதுகுக் குதிரையென்றால் முன்னால் வழுக்காமல் வால்பட்டையும் கட்டிக்கொள்ளுங்கள். இவை பொருந்தாத சேணத்துக்கு மருந்தல்ல.

எனக்கு எத்தனை அங்குலம் சரி?

பொமல் பக்கத்து ஆணியிலிருந்து கான்டிலின் நடுவரை அளப்பதுதான் ஆங்கிலச் சேணத்தின் அளவு. பெரியவர்களுக்கு 16 முதல் 18 வரை வரும். உடல் பருமனைவிடத் தொடையின் நீளமே இதைத் தீர்மானிக்கும். உட்கார்ந்தபின் பின்னால் ஒரு கையகலம் மிஞ்சட்டும். வெஸ்டர்ன் சேணத்தில் அளக்கும் முறை வேறு, அதே ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் குறைவாக வரும். ஒன்றை மறக்காதீர்கள்: உங்களுக்கு 18 தேவை, குதிரையின் முதுகு அதற்கு நீளம் போதாது என்றால், விட்டுக்கொடுக்கவேண்டியது நீங்கள்தான்.

கால் எப்போதும் முன்னால் போய், கதிரையில் இருப்பதுபோல் உட்கார வருகிறதா? உங்கள் பழக்கத்தைக் குறைசொல்லுமுன் சேணத்தைப் பாருங்கள். அங்கவடி தொங்கும் கம்பி மிக முன்னால் இருந்தாலும், சேணம் பின்னால் சாய்ந்திருந்தாலும் எத்தனை பயிற்சி எடுத்தாலும் கால் கீழே வராது.

சவாரிப் பள்ளியில் ஒரே சேணத்தைப் பல குதிரைகளுக்குப் போடுகிறார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தயத்திலிருந்து வந்த துறப்ரெட் குதிரைக்குத் தோள்மேடு உயர்ந்து கத்திபோல் நிற்கும். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றும் போனியின் முதுகு பீப்பாய்போல் உருண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரு சேணம் என்பது ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரு சோடி சப்பாத்து என்பதுபோல. ஆனால் பள்ளி நடத்துகிறவர்களின் செலவும் தெரியும். முன்வளைவை மாற்றக்கூடிய சேணம் இதற்கு ஓரளவு விடை. வின்டெக் கம்பனியின் இப்படியான சேணங்களில் முன்வளைவுத் தகடுகளுக்கு நிறம் கொடுத்திருப்பார்கள்: மஞ்சள் ஒடுக்கம், கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம். திருகாணியைக் கழற்றித் தகட்டை மாற்றலாம். அது முன்பக்க அகலத்தை மட்டும்தான் மாற்றும், முதுகின் வளைவை மாற்றாது. ஒரே மாதிரி முதுகுள்ள குதிரைகளைக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சேணம் என்று பெயரெழுதி மாட்டிவைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

பாவித்த சேணம் வாங்கும்போது என்ன பார்ப்பது?

சட்டம் உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொமலை உங்கள் தொடையில் ஊன்றி, கான்டிலைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். ஸ்பிரிங் சட்டம் கொஞ்சம் வளையும், அது சரி. கிறீச்சென்ற சத்தமோ, இருக்கையின் நடுவில் மடிப்போ, ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக அசைவதோ இருந்தால் விலை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம். முன்வளைவின் இரு கால்களையும் நெருக்கியும் விரித்தும் பாருங்கள். அசையக்கூடாது. பிறகு கவிழ்த்துவைத்து, பின்னாலிருந்து பனல்கள் இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். விரலால் அழுத்திக் கட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். வயிற்றுப் பட்டையை மாட்டும் வார்களின் தையல் நம் ஈரக்காற்றில் உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும். ஓடும்போது அது அறுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் இந்தியாவின் கான்பூரில் செய்தவற்றைக் கேட்பார்கள். சேணத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. இங்கிலாந்தில் வால்சல் எப்படியோ அப்படி. நல்லதும் வரும், இரு பக்கமும் சமமில்லாததும் வரும். ஊரின் பெயரை நம்பாமல் மேலே சொன்னபடி கையால் பார்த்து வாங்குங்கள்.

சட்டமே இல்லாத சேணம்?

குறுகிய நேரத்துக்கு, இலேசான ஆளுக்குச் சில குதிரைகளில் நன்றாக இருக்கும். முதுகெலும்புக்கு இடம்விடும் தனி மெத்தை கட்டாயம். பாரமானவர்களுக்கும் நீண்ட பயணத்துக்கும் நான் சொல்லமாட்டேன்.

தோலா, செயற்கையா? கொழும்புக்கு எது?

சவாரி கிழமைக்கு இரண்டு தரம்தான், கவனிக்க நேரமும் இல்லை என்றால் தயங்காமல் செயற்கை. கழுவிவிடலாம், இலேசு. தோல் சேணம் மழைக்காலத்தில் ஒரு கிழமை கவனிக்காமல் விட்டாலே பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைப்பதுதான் செய்யக்கூடிய மிகப்பெரிய பிழை. பருத்தித்துணி மூடி, காற்றோட்டமான அறை, கடற்காற்று நேரே அடிக்காத இடம். நனைந்தால் நிழலில், மின்விசிறியின் கீழ் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். சேணச் சவர்க்காரத்தால் வியர்வை உப்பை ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் துடையுங்கள். எண்ணெயை அளவோடு பூசுங்கள், கூடினால் தையல் நூல் இற்றுப்போகும்.

குதிரையின் நடத்தை மாறினால் சேணம்தான் காரணமா?

எப்போதும் இல்லை. பல்வலி, கால்வலி, வயிற்றுப்புண் எல்லாம் இதே மாதிரித்தான் தெரியும். சேணத்தைக் கண்டதும் விலகுவது, பட்டை இறுக்கும்போது கடிக்க வருவது, முதுகைக் குழித்து ஓடுவது, இறக்கத்தில் நடக்க மறுப்பது, ஒரு பக்கம் மட்டும் திரும்பாமல் அடம்பிடிப்பது: இதில் எது தொடங்கினாலும் சவாரியை நிறுத்தி, சேணத்தைப் பார்த்து, மிருக வைத்தியரையும் கூப்பிடுங்கள். தண்டிப்பதை மட்டும் முதலில் செய்யாதீர்கள்.

ஒருமுறை பொருத்தினால் எத்தனை காலம் போகும்?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வளரும் குதிரை, நோயிலிருந்து எழும்பிய குதிரை, புதிதாக டிரெசாஜ் தொடங்கிய குதிரை என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நல்ல பயிற்சியில் முதுகுத் தசை நிறைந்து வரும், நேற்றுப் பொருந்திய சேணம் இறுகும். கம்பளி அடைத்த புதிய சேணமும் முதல் சில மாதங்களில் அமுங்கித் தாழும். முதலில் வரைந்து திகதி போட்ட அட்டைகள் இப்போதுதான் உதவும். அதே இடத்தில் அடிமட்டத்தை மறுபடி வைத்து, பழைய கோட்டுக்கு மேல் வேறு நிறத்தில் வரையுங்கள். மல்லிகாவின் அட்டையில் இப்போது ஒன்பது கோடுகள் இருக்கின்றன. ஏழாவது கோடு வரைந்த அன்று சேணத்தை ஓர் அளவு அகலமானதுக்கு மாற்றினேன். அடுத்த கிழமையே இடப்பக்கப் பாய்ச்சலுக்குக் கேட்டவுடன் எடுத்தாள்.